தம்பி, முதல் ஆறு மாதம் பெயர் எடுக்க வேண்டாம்

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊரில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் பாடம் நடத்தியவர். வரும் செப்டம்பரில் இங்கிலாந்தில் முனைவர் பட்டத்துக்குச் சேருகிறாராம், கூடவே முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கும் பகுதி நேர வேலையும் உண்டாம். "அக்கா, அங்கே கற்பித்தலில் புதுமை செய்கிறவர்களுக்கும் ஏஐ பயன்படுத்துகிறவர்களுக்கும் பல்கலைக்கழகமே ஆதரவு தருகிறதாமே, முதல் ஆறு மாதத்தில் என்னவெல்லாம் செய்து பெயர் எடுக்கலாம்? வாடகை எவ்வளவு ஆகும், குளிருக்கு என்ன வாங்கி வரவேண்டும், குக்கர் கொண்டு வரலாமா?" இதுதான் கேள்வி.

வாடகை ஊருக்கு ஊர் மாறும், அந்த ஊரில் இருக்கிறவரைக் கேளுங்கள். குளிருக்கு இங்கே வந்து வாங்குங்கள், நேரு வீதியில் வாங்கும் ஸ்வெட்டர் இங்கத்திய காற்றுக்குப் பத்து நிமிடம் தாங்காது. குக்கரைப் பிறகு பார்ப்போம். அந்தப் "பெயர் எடுக்கலாம்"தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

நான் வேலை பார்ப்பதே நீங்கள் சொல்லும் அந்த ஆதரவு தரும் பிரிவில்தான். அநேகமாக எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒன்று இருக்கும், பெயர்தான் மாறும். பாடத்தை எப்படி அமைப்பது, கேள்வியை எப்படிக் கேட்பது, எந்தக் கருவி எதற்கு உதவும் என்று ஆசிரியர்களோடு உட்கார்ந்து யோசிப்பதுதான் எங்கள் வேலை. வருடம் முழுக்கக் காபி போட்டு வைத்துக்கொண்டு யாராவது வருவார்களா என்று காத்திருந்த பிரிவு அது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது, கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் மின்னஞ்சல் பெட்டி ஐப்பசி மாதத்தில் எங்கள் ஊர்க் கெடிலம் ஆறு மாதிரி நிரம்பிக் கிடந்தது. அத்தனை பேர் கேட்டதும் ஒன்றுதான், மாணவன் இதை வைத்து எழுதினானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அங்கேதான் உங்களுக்கு என் முதல் எச்சரிக்கை. கண்டுபிடித்துத் தருகிறேன் என்று சொல்லும் எந்தக் கருவியையும் நம்பி ஒரு பிள்ளையின் மேல் கை நீட்டாதீர்கள். சாட்ஜிபிடியைச் செய்த நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் தானே எடுத்துவிட்டது. காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருளான டர்னிட்டின் அந்த ஏப்ரலில் தன் ஏஐ சோதனையைக் கொண்டு வந்தபோது பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் அதை இயக்காமலே விட்டன. அதே வருடம் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளிலோ அநேகமாகத் தவறே இல்லை.

காரணம் எளிது. இந்த மாதிரிக் கருவிகள் பெரும்பாலும் பார்ப்பது அடுத்த வார்த்தையை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான். சுலபமாக ஊகிக்க முடிந்தால் இயந்திரம் என்று அர்த்தம். பாடப்புத்தக ஆங்கிலத்தைத் தவிர வேறு ஆங்கிலம் காதில் விழாமல் வளர்ந்த நம் பிள்ளைகள் ஊகிக்க முடியாத வார்த்தைக்கு எங்கே போவார்கள்?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றால், அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

2009 செப்டம்பரில் கடலூர் பஸ் நிலையத்தில் சென்னை பஸ் ஏறி வந்தவள் நான். வீடு திருப்பாதிரிப்புலியூர். அப்பா பள்ளி ஆசிரியர், புத்தகத்தில் இருக்கும் வரியில் ஒரு கால்புள்ளி விட்டுப்போனாலும் அரை மதிப்பெண் குறைப்பவர், மகள் என்றாலும் குறைப்பவர். முதல் அசைன்மென்ட் 2500 வார்த்தை. மூன்று புத்தகங்களை மனப்பாடமாகப் படித்து, அவற்றின் அழகான வாக்கியங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து எழுதினேன். எனக்குத் தெரிந்த மரியாதை அதுதான், பெரியவர்கள் சொன்னதை மாற்றாமல் சொல்வது. பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. 47 சதவீதம் மற்ற நூல்களோடு ஒத்துப்போகிறது, விசாரணைக்கு வரவும்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மேசை மேல் ஒரு டிஷ்யூ டப்பா. யாருக்கோ ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன், எனக்காக வைத்தது என்று கால் மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. மறுபடி எழுது, எவ்வளவு நன்றாக எழுதினாலும் 50க்கு மேல் கிடையாது என்றார்கள். வீட்டுக்கு போன் செய்து அழுதபோது அப்பா உண்மையாகவே குழம்பிப் போய்க் கேட்டார், "புத்தகத்தில் இருப்பதைத்தானே எழுதினாய், அது எப்படித் தப்பாகும்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவராவது என்னை "நீ எப்படிப் படித்து வளர்ந்தாய்" என்று கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் விஷயம். சதவீதம் கையில் இருந்தது, அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

ஆகவே உங்கள் வகுப்பில் ஒரு கட்டுரை சந்தேகமாக இருந்தால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். இந்த வரியை ஏன் எழுதினாய், இந்தப் புத்தகத்தை எங்கே எடுத்தாய், அவ்வளவுதான். எழுதினவன் தடுமாறித் தடுமாறியாவது சொல்லிவிடுவான். அதற்குமேலும் சந்தேகம் இருந்தால் பாடத்துக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள், தண்டிப்பது உங்கள் வேலை கிடையாது. இன்னொன்று, மாணவர்களின் கட்டுரையை எடுத்துப் பொதுவில் கிடைக்கும் ஏதோ ஒரு சாட்பாட்டில் போட்டு "இதைத் திருத்திக் கொடு" என்று கேட்காதீர்கள். அந்த எழுத்து அந்தப் பிள்ளையின் சொத்து. தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் மாட்டுவீர்கள். பல்கலைக்கழகமே உரிமம் வாங்கி வைத்த கருவி ஒன்று அநேகமாக இருக்கும், அதில்கூட எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று விதி இருக்கும்.

சரி, புதுமைக்கு வருவோம். ஊரில் நீங்கள் நினைத்தால் நாளைக்கே இன்டர்னல் தேர்வை மாற்றலாம். இங்கே முடியாது. ஒரு பாடத்துக்கு என்ன அசைன்மென்ட், எத்தனை சதவீதம், எதை அளக்கிறது என்பதெல்லாம் முந்தின வருடமே குழு கூடி ஒப்புக்கொண்ட விஷயம். நடுவில் ஒருவர் வந்து "இனிமேல் எல்லோரும் ஏஐ வைத்து எழுதுங்கள்" என்று சொன்னால் மாணவர்களே புகார் கொடுப்பார்கள், கொடுத்துமிருக்கிறார்கள். போன வருடம் நம் பக்கத்துப் பையன் ஒருவர், ரொம்பக் கெட்டிக்காரர், வந்த மூன்றாவது வாரமே தானாக ஒரு சாட்பாட் செய்து மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அது அசைன்மென்ட் கடைசித் தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டது. அவருக்குப் பெயர் கிடைத்தது, நீங்கள் நினைக்கிற பெயர் இல்லை.

முதல் ஆறு மாதம் பழைய வினாத்தாள்களையும் திருத்தும் அளவுகோலையும் படியுங்கள். இங்கே 70 வாங்கினால் முதல் வகுப்பு, 62 என்பது நல்ல மதிப்பெண். நம் ஊரிலிருந்து வருபவர்கள் எல்லோரும் முதல் கட்டுக்கு 85, 90 என்று அள்ளிப் போட்டுவிட்டு நாம் திருத்தியதைச் சரிபார்க்கும் இரண்டாவது பார்வையாளரிடம் மாட்டிக்கொள்வோம். நானும் போட்டேன்.

அசைன்மென்டை மாற்ற முடியாதே தவிர, உங்கள் ஒரு மணி நேர வகுப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது. அதில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். நான் பயிற்சி வகுப்புகளில் செய்து காட்டுவது இது. ஏஐ எழுதிய ஒரு பதிலை அச்சடித்துக் கொடுத்து, அளவுகோலை வைத்து மாணவர்களையே திருத்தச் சொல்வது. அதில் இருக்கும் மேற்கோள் நூல்களை ஒவ்வொன்றாக நூலகத்தில் தேடச் சொல்வது, சில சமயம் அப்படி ஒரு நூலே இருக்காது, அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே! அப்புறம், அவரவர் பிறந்த ஊரைப் பற்றி அதனிடம் கேட்டுத் தவறு கண்டுபிடிக்கச் சொல்வது. எல்லோரும் அந்த ஒரு விஷயத்திலாவது அதைவிட அறிஞர்கள்தானே. மாதிரிக்கு நான் கடலூர்ப் பக்கத்துக் கரையேறவிட்டகுப்பத்தைக் கேட்டுக் காட்டினேன். கல்லில் கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் அந்தக் கல்லே தெப்பமாகக் கரை ஏறினார் என்று சொல்லும் இடம். அது கொஞ்சமும் தயங்காமல், கல் குவாரித் தொழிலாளர்கள் குடியேறிய அமைதியான கிராமம் என்று எழுதியது. என்ன ஒரு நம்பிக்கை!

தடை செய்துவிட்டால் போதும் என்று சொல்கிறவர்களும் வருவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள், வாதாடாதீர்கள். ஹெப்பி என்ற கொள்கை ஆய்வு நிறுவனம் 2025இல் எடுத்த கணக்கில் பிரிட்டன் இளங்கலை மாணவர்களில் 92 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் ஏஐ பயன்படுத்துகிறார்கள், அதற்கு முந்தின வருடம் 66. ஆராய்ச்சியில் முன்னணியில் இருக்கும் பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரஸ்ஸல் குழுமத்தின் 24 பல்கலைக்கழகங்களும் 2023 ஜூலையிலேயே, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதைச் சரியாகக் கையாளக் கற்றுக்கொடுப்போம் என்று ஒப்புக்கொண்டுவிட்டன. தடை பேசுகிற மூத்தவர் ஒருவரே தன் பரிந்துரைக் கடிதங்களை எதில் எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும், அதை விடுங்கள்.

நம் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வந்து இறங்கியதும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள். பொங்கல் விழா, பழைய சோபா, முருங்கைக்கீரை எல்லாம் கிடைக்கும், நல்ல விஷயம்தான். அதிலேயே ஒரு அண்ணன் இருப்பார், அசைன்மென்ட் எழுதித் தருவார், இப்போது புதிதாக, ஏஐ எழுதியதை மனிதன் எழுதிய மாதிரி மாற்றித் தருவார், பக்கத்துக்கு இவ்வளவு என்று. இங்கிலாந்தில் 2022 முதல் மாணவர்களுக்குக் காசு வாங்கி எழுதிக் கொடுப்பதும் அதற்கு விளம்பரம் செய்வதும் குற்றம். நீங்கள் பாடம் நடத்துகிறவர், அந்தக் குழுவில் உங்கள் மாணவரே இருக்கலாம். அந்த அண்ணனோடு டீ குடிப்பதில்கூட எனக்குச் சம்மதம் இல்லை.

நேரக் கணக்கையும் மறக்காதீர்கள். மாணவர் விசாவில் கல்விப் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை, சம்பளம் தரும் தயாரிப்பும் திருத்தலும் அதில் சேரும்.

அப்புறம், கேட்டுப் பழகுங்கள். நமக்கு இது வராது. தெரியாது என்று சொன்னால் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இரண்டு மாதம் ஆனது, "எனக்குத் தெரியாது" என்று சொல்ல இரண்டு வருடம். 2011 டிசம்பர் 30, தானே புயல், உங்களுக்கும் நினைவிருக்கும், உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில்தானே கரை கடந்தது. நான்கு நாள் அப்பாவோடு பேச முடியவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடக்கும் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அப்போது முனைவர் பட்ட மாணவி, கையில் திருத்த வேண்டிய அறுபது கட்டுரைகள். யாரிடமும் சொல்லவில்லை. போனில் ஒரு முறை முயற்சி, ஒரு கட்டுரை, மறுபடி போன், மறுபடி கட்டுரை என்று திருத்தித் தள்ளினேன். அத்தனை பேருக்கும் மதிப்பெண் பத்துப் பத்தாகக் குறைந்திருந்தது. இரண்டாவது பார்வையில் கண்டுபிடித்து எல்லாவற்றையும் மறுபடி திருத்தினார்கள். ஒரு வரி மின்னஞ்சல் போட்டிருந்தால் இன்னொருவர் திருத்தியிருப்பாரே, ஏன் சொல்லவில்லை என்று மேற்பார்வையாளர் கேட்டார். அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

ஐந்தாம் நாள் அப்பா பக்கத்துத் தெருக்காரர் போனில் பேசினார். வேப்பமரம் போய்விட்டது, ஓடு பறந்துவிட்டது, நீ சாப்பிட்டாயா என்றார்.

போன தையில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது, கண் சரியில்லை. போனில் குரலால் கேட்டால் பதில் சொல்லும் என்று காட்டிக்கொடுத்தேன். ரொம்ப மரியாதையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, கரையேறவிட்டகுப்பத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டார். அது இந்த முறை குவாரியை விட்டுவிட்டு ஏதோ ஒரு படகோட்டியைப் பற்றிச் சொன்னது. அப்பா கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு போனை என்னிடம் நீட்டி, "இவன் மனப்பாடம் பண்ணவில்லை, குத்துமதிப்பாக அடித்துவிடுகிறான், ஆனால் சரளமாகப் பேசுகிறான், வாத்தியாரை ஏமாற்றிவிடுவான்" என்றார். பயிற்சி வகுப்பில் நான் நாற்பது நிமிடம் படம் போட்டு விளக்குவது இதைத்தான்.

குக்கர் கொண்டு வாருங்கள். மூன்று லிட்டர் போதும். கேஸ்கட் இரண்டு கூடுதலாக வையுங்கள், இங்கே அளவு கிடைக்காது.