கூட்டுத் தொழிலும் குறை சொல்பவரும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பினாங்கின் பிறையில் இயந்திர உதிரிப் பாகங்கள் கடைந்து தரும் பட்டறை ஒன்றை நடத்துகிறேன். 22 பேர் வேலை செய்கிறார்கள். தைவான் நிறுவனம் ஒன்று 49 விழுக்காட்டுப் பங்கு கேட்டுக் கூட்டுச் சேர அழைக்கிறது. இயந்திரமும் தொழில்நுட்பமும் அவர்களுடையவை. சம்மதிக்கலாமா? புத்தாக்கம் என்கிறார்களே, என்னைப் போன்ற சிறு முதலாளி அதை எங்கிருந்து தொடங்குவது? ஊக்கத்தொகை கொடுத்தும் ஆட்கள் நிற்பதில்லை; அவர்களை எப்படி ஊக்குவிப்பது? 11 ஆண்டுகள் இருந்த ஒருவர், எப்போதும் குறை சொல்லிக்கொண்டே இருந்தவர்தான், போன மாதம் விலகிவிட்டார்.

அன்புள்ள நண்பருக்கு,

பங்கு விழுக்காட்டை நல்ல வழக்கறிஞரிடம் கேளுங்கள். மலேசியக் கார் நிறுவனமான புரோட்டோனில் சீனாவின் ஜீலி 2017-இல் வாங்கியது 49.9 விழுக்காடுதான்; பெரும்பான்மை உள்நாட்டிலேயே இருந்தது. ஆனாலும் அடுத்த ஆண்டு வெளிவந்த புரோட்டோன் எக்ஸ்70, ஜீலியின் காரைத் தழுவியதே. விழுக்காட்டையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வரைபடம் யார் கையில் இருக்கிறது என்பது தெரியாமல் போகும். புத்தாக்கம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு விடுதிக் கருத்தரங்கும் கறிப்பாப்பும்தான் நினைவுக்கு வருகின்றன, அதை விட்டுவிடுவோம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் மூன்று முறை படித்தேன். ஒரு மனிதர் 11 ஆண்டுகள் சொன்ன குறைகளில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. சொன்னார் என்பது மட்டும் உங்கள் நினைவில் நிற்கிறது. இந்த நிலையில் ஊழியர்களை எப்படி ஊக்குவிப்பது என்று என்னிடம் கேட்கிறீர்கள்!

கலிபோர்னியாவின் ஃபிரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய கார் ஆலையில், அந்நிறுவனமும் டொயோட்டாவும் கூட்டுச் சேர்ந்து 1984-இல் நும்மி என்ற பெயரில் உற்பத்தியைத் தொடங்கின. வேலைக்கு வராமைக்கும் சச்சரவுக்கும் பேர்போன பழைய தொழிலாளர்களே பெரும்பாலும் திரும்ப எடுக்கப்பட்டார்கள். அவர்கள் தலைக்கு மேல் டொயோட்டா ஒரு கயிற்றைக் கட்டியது. பழுதைக் கண்டவர் அதை இழுத்தால் குழுத்தலைவர் ஓடி வருவார். உடனே தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். குறை சொல்வது அங்கே வேலையின் ஒரு பகுதியாயிற்று. அதே ஆட்களின் கையில் தரம் உயர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளுக்கும் இந்த முறையைக் கொண்டுபோக முயன்றது. கயிறு எளிதாகப் போய்ச் சேர்ந்தது; ஆனால் வரிசையை நிறுத்த அங்கிருந்த மேலாளர்களுக்கு மனம் வரவில்லை. நாளை தைவான்காரர் உங்கள் பட்டறையிலும் ஏதாவது ஒரு கயிற்றைக் கட்டுவார். அதை இழுப்பவரை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள் என்பதே என் கவலை.

உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு அதிகத் தகுதியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1980-களில் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணியாக இருந்தேன். சுங்கை பாக்காப்பிலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் வரும் அக்கா ஒருவர், நுண்ணோக்கியில் கண்பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் இணைக்கும் வேலையில் இருந்தார். குளிரூட்டியின் காற்று நேராக விழும் இரண்டு மேசைகளிலிருந்து வரும் தட்டுகளில்தான் பழுது அதிகம் என்பதை அவர் கவனித்திருந்தார். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர் என்பதால், ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு வந்து, "தம்பி, இதை மலாயில எழுதிக் குடுப்பா" என்றார். எழுதினேன். வறண்ட காற்றில் நிலைமின்சாரம் சேர்ந்து சில்லுகளைக் கெடுக்கும் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு எங்கோ படித்தபோது, கையில் இருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டேன்.

பொறியாளரின் மேசை என் இருக்கையிலிருந்து இருபது அடிகூட இல்லை. அங்கே நடந்து போக எனக்குக் கூச்சம். தாளை மடித்து, உணவகத்தின் வாசலில் தொங்கிய ஆலோசனைப் பெட்டியில் போட்டேன். அதன் சாவி யாரிடம் இருந்தது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் அக்கா வேறு தொழிற்சாலைக்குப் போய்விட்டார். நச்சரிப்பு ஒழிந்தது என்று மேற்பார்வையாளர் சொன்னபோது நானும் சிரித்தேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பு அந்த மனிதரின் வீட்டுக்குப் போங்கள். அவர் சொன்னவற்றில் மூன்றையாவது கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள். 49-ஐப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.