யாருக்கும் தெரியாத பழைய குற்றப் படங்களைச் சேகரிப்பாளர்கள் ஏன் தேடுகிறார்கள்?

1940-களில் அமெரிக்கத் தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டுவார்கள். இரண்டாவதாக ஓட்ட, குறைந்த செலவில் அவசரமாக எடுத்தவைதான் ‘பி’ படங்கள். சேகரிப்பாளர்கள் தேடும் குற்றப் படங்களில் பல இந்த வகை.

காசில்லாததே அவற்றுக்குத் தனி அழகைக் கொடுத்தது. எட்கர் உல்மரின் ‘டிடூர்’ (1945) படத்தைப் பாருங்கள். நியூயார்க் தெருவுக்கு செட் போடப் பணமில்லை. பனிமூட்டத்தை நிரப்பிச் சமாளித்தார்கள். அந்த மூட்டமே நாயகனின் மனநிலையாகிவிடுகிறது! எனக்கு இதுதான் பெரிய ஈர்ப்பு.

அப்புறம், இவற்றைப் பத்திரப்படுத்த அன்று யாரும் மெனக்கெடவில்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்து பைண்டு செய்து வைத்தார்களே நம் வீட்டுப் பெரியவர்கள், அதுபோல எங்கோ ஒருவர் எடுத்துவைத்த பிரதியில்தான் பல படங்கள் பிழைத்திருக்கின்றன.

‘கிடைக்காத படம் என்பதால்தான் மதிப்பு’ என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ‘டிடூர்’ காப்புரிமை புதுப்பிக்கப்படாததால் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் நெடுங்காலம் மங்கிய, கீறல் விழுந்த பிரதிகளாக. தேடல் தெளிவான பிரதிக்குத்தான்.