ஆர்பிஜி மேக்கர் எம்இசட் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் மேசை மேல் ஜாடி வைத்தால் மேசை ஏன் காணாமல் போகிறது?

வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அடுக்குக்கு ஒரு டைல்தான் (சிறு சதுரப் படம்) நிற்கும். மேசையும் ஜாடியும் 3-ஆம் அடுக்கிலேயே விழுந்தால், பின்னால் வந்தது முன்னதைத் துடைத்துவிடும். கருவிப்பட்டையில் 4-ஆம் அடுக்கைத் தேர்ந்தெடுத்து ஜாடியை வையுங்கள், மேசை அப்படியே இருக்கும். தரைக்கு 1, அதன் மேல் புல், பாதைக்கு 2 என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

சரி, இப்போது நாயகன் மேசை மீதே ஏறி நடப்பான்! நானும் இதில் ஒரு மாலையைத் தொலைத்தேன். நடக்கலாமா கூடாதா என்பதை எஞ்சின் மேலடுக்கிலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கிறது. ஜாடிக்கு டைல்செட் (டைல்களின் தொகுப்பு) அமைப்பில் வட்டக்குறி இருந்தால், அங்கேயே 'போகலாம்' என்று முடிவாகிவிடும். மேசைக்கு இருக்கும் 'போகக்கூடாது' என்ற பெருக்கல் குறியை அது எட்டிக்கூடப் பார்க்காது. ஜாடிக்கும் பெருக்கல் குறி போடுங்கள்.

நட்சத்திரக் குறி வேறு. அந்த டைல் நாயகனின் தலைக்கு மேல் வரையப்படும், நடப்பதற்குக் கீழே உள்ள டைல்தான் கணக்கு. மர உச்சிக்கு அதுதான் சரி, அடிமரத்துக்குப் பெருக்கல். அப்புறம், டைல்செட்டில் 'பி' என்ற தாளின் முதல் வெற்று டைலின் நட்சத்திரத்தை மட்டும் மாற்றாதீர்கள். வட்டமாக்கினால் நாயகன் சுவருக்குள்ளேயும் போவான்.