ஸ்டெம் வரல, ஃபோர்க் இறங்கல: சைக்கிள் கழுத்துல சிக்கினது பத்தி கேள்வி பதில்

ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கவை), ஹெட்செட் (அந்தக் கவை திரும்பறதுக்கான பேரிங் செட்), ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோட இணைக்கற தண்டு)னு சைக்கிளோட கழுத்துப் பகுதியில எது சிக்கியிருந்தாலும் கேளுங்கன்னு சொன்னேன், கேள்வி மேல கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. ஒவ்வொண்ணா வரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. சுத்தியலை எடுக்கறதுக்கு முந்தி அது ஏன் சிக்கியிருக்குன்னு பாருங்க. ஆப்பு இறுகிக்கிட்டு நிக்குதா, துரு பிடிச்சு ஒட்டியிருக்கா, இல்ல தயாரிக்கும்போதே டைட்டா அடிச்சு ஏத்தினதா? மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

கேள்வி: அண்ணா, பழைய ஸ்டீல் சைக்கிள். ஸ்டெம் மேல இருக்கற போல்ட்டை முழுசா கழட்டி எடுத்துட்டேன், ஆனா ஹேண்டில்பார் இம்மி கூட அசையல. என்ன பண்றது?

முழுசா கழட்டினதுதான் தப்பு தம்பி. அந்த போல்ட்டை திரும்ப உள்ள விட்டு மாட்டுங்க. இந்த மாதிரி ஸ்டெம்முக்கு அடியில சாய்வா வெட்டின ஒரு ஆப்புத் துண்டு இருக்கும், போல்ட்டை முறுக்க முறுக்க அது மேல ஏறி ஃபோர்க் குழாயோட உள்சுவத்துல அழுத்திக்கிட்டு நிக்கும். போல்ட்டை லூஸ் பண்ணா மட்டும் ஆப்பு இறங்காது, அதை நாமதான் கீழ தள்ளணும். நாலு சுத்து லூஸ் பண்ணுங்க, போல்ட் தலை ஒரு 5 மில்லி மேல தூக்கிட்டு நிக்கும், அது மேல ஒரு மரக்கட்டையை வச்சு சுத்தியலால ஒரே போடு. தலை பள்ளத்துக்குள்ள இருந்தா பழைய ஆலன் கீ ஒண்ணை அதுல சொருகி கீ மேல அடிங்க. ஆப்பு விடுபட்டா 'டொக்'னு ஒரு மந்தமான சத்தம் வரும், தூக்கிட்டு நின்ன தலை திரும்ப உள்ள போய் உக்காந்துரும். கண்ணால பாத்தே தெரிஞ்சுக்கலாம்.

கேள்வி: அதே ஆள்தான் அண்ணா. நீங்க சொன்ன மாதிரியே அடிச்சேன், போல்ட் இறங்கிருச்சு, ஆனாலும் ஸ்டெம் வரல.

அப்போ ஆப்பு பிரச்சனை முடிஞ்சுது, இப்போ நிக்கறது துரு. உங்க ஸ்டெம் அலுமினியம், குழாய் ஸ்டீல். நடுவுல வேர்வையும் மழைத்தண்ணியும் இறங்கி வருஷக்கணக்கா கிடந்தா அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பொடியா மாறும், அந்தப் பொடி உலோகத்தை விட அதிக இடம் எடுத்துக்கும், அதனாலதான் சிமெண்ட் போட்ட மாதிரி பிடிச்சுக்குது.

எல்லாரும் மேல இருந்து எண்ணெய் விடுவாங்க, அது ஹெட்செட் நட்டுக்கிட்டயே நின்னுரும். சைக்கிளைத் தலைகீழா கவுத்துங்க, முன் சக்கரத்தையும் பிரேக்கையும் கழட்டுங்க, ஃபோர்க் கிரவுனுக்கு (ஃபோர்க்கோட ரெண்டு காலும் மேல சேர்ற இடம்) அடியில பெரும்பாலும் ஒரு ஓட்டை தெரியும், அதுதான் குழாயோட வாய். துரு எளக்கற எண்ணெயை அது வழியா தாராளமா ஊத்துங்க, ராத்திரி விட்டு காலையில மறுபடி ஊத்துங்க, ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க. அப்புறமும் மேல இழுக்காதீங்க, திருப்புங்க. துருப்பிடிப்பு உடையறது முறுக்குலதான். லேசான கேஸ்னா முன் சக்கரத்தை மாட்டி முட்டிக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்பினாலே விட்டுரும். மொண்டி கேஸ்னா சக்கரத்தை நம்பாதீங்க, ரிம்மோ ஃபோர்க் காலோ கோணிக்கும், கிரவுனையே ரெண்டு மரக்கட்டை வச்சு வைஸ்ல (பட்டறை இடுக்கி) பிடிங்க. முதல் அசைவு ஒரு முடி அளவுதான் இருக்கும், கிரீச்னு ஒரு சத்தம் வரும், அது வந்துருச்சுன்னா ஜெயிச்சாச்சு, மறுபடி எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் ஆட்டிக்கிட்டே மேல கொண்டு வாங்க.

கேள்வி: சூடு காட்டினா வருமா ப்ரோ?

இதுல நிறைய பேர் கணக்கை மாத்திப் போடறாங்க. ஒவ்வொரு டிகிரிக்கும் ஸ்டீல் 12 பங்கு விரிஞ்சா அலுமினியம் சுமார் 23 பங்கு விரியும், கிட்டத்தட்ட இரட்டிப்பு. உள்ள இருக்கறது அலுமினியம், வெளிய ஸ்டீல், அப்போ ரெண்டும் சேந்து சூடானா இன்னும் இறுகத்தான் செய்யும். குளிர வச்சாதான் ஸ்டெம் அதிகமா சுருங்கும். அதுவும் 22.2 மில்லி ஸ்டெம்முக்கு 50 டிகிரி குறைச்சா கிடைக்கற இடைவெளி ஒரு மில்லியில நூத்துல ஒரு பங்குதான், ஆனா அந்தப் பொடிப் பிடிப்பு விரிசல் விட பல நேரம் அதுவே போதும். கம்ப்யூட்டர் தூசி ஊதற டப்பாவைத் தலைகீழா பிடிச்சு போல்ட் ஓட்டை வழியா அடிச்சா உறைபனி மாதிரி வரும், கையுறை போட்டுக்கோங்க, காத்தோட்டமான இடத்துல பண்ணுங்க, பக்கத்துல நெருப்பு கூடாது. முன்னாடி விட்ட எண்ணெய் ஈரம் இருக்கும்போது டார்ச் லைட்டர் பத்த வைக்கற வேலை வேணவே வேணாம்.

கேள்வி: காஸ்டிக் சோடா ஊத்தினா கரைஞ்சிரும்னு சொல்றாங்களே?

கரையும், உண்மைதான். அலுமினியத்தைத் தின்னும், ஸ்டீலை விட்டுரும். ஆனா கரையும்போது கொதிக்கற சூடு வரும், ஹைட்ரஜன் வாயு வரும், பொறி பட்டா பத்திக்கும், கண்ணுல தெறிச்சா பார்வையே போயிரும், பெயின்டும் உரியும். நான் ஒரே ஒரு தடவை பண்ணிருக்கேன், இன்னொரு தடவை பண்ண மாட்டேன். அதுக்குப் பதிலா ஸ்டெம்மை ஹெட்செட்டுக்கு மேல வெட்டிட்டு, ஹாக்சா பிளேடை உள்ள விட்டு நீளவாக்குல ஒரு கீறல் போட்டு, குழாயைத் தொடாம நிறுத்தி, மிச்சத்தை உள்பக்கமா மடக்கி எடுக்கறது மேல். ஒரு சாயங்காலம் போகும், ஆனா கண்ணு பத்திரம். அலுமினிய ஃபிரேமா இருந்தா காஸ்டிக்கை நினைச்சுக்கூடப் பாக்காதீங்க.

கேள்வி: என்னோடது புது மாடல், த்ரெட் (மரை) இல்லாத ஹெட்செட். ஸ்டெம், ஸ்பேசர் (இடைவெளி வளையம்) எல்லாம் எடுத்தாச்சு, ஃபோர்க் மட்டும் கீழ இறங்க மாட்டேங்குது.

பயப்படாதீங்க மேடம், இது ரொம்ப சாதாரணம். மேல் பேரிங்குக்கு மேல சாய்வா ஒரு வளையம் இருக்கும், ஒரு இடத்துல வெட்டு விட்டிருக்கும், அதுதான் குழாயைக் கவ்விக்கிட்டு நிக்குது. ஃபோர்க்கை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு குழாய் உச்சியில ரப்பர் சுத்தியால ரெண்டு தட்டு தட்டுங்க. வரலன்னா அந்த வெட்டுல சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியை விட்டு லேசா நெம்புங்க. ஒரு கை ஃபோர்க்குல இருக்கணும், இல்லன்னா மொத்தமா காலு மேல விழும்.

கேள்வி: ஸ்டார் நட் (குழாய்க்குள்ள அடிச்சு இறக்கற, பல் வச்ச நட்) கோணலா இறங்கிருச்சு, மேல இழுத்து எடுக்கறது எப்படி?

இழுக்காதீங்க. அதோட பல்லெல்லாம் மேல வராதபடிதான் வளைச்சிருக்கு, இழுத்தா குழாயை உள்ள கீறிக்கிட்டு வரும். நீளமான கம்பியால கீழ தள்ளி, அடி வழியா விழ வைங்க. அடி மூடியிருந்தா அங்கயே விட்டுட்டு, மேல புதுசு ஒண்ணு நேரா அடிங்க, உச்சியில இருந்து 15 மில்லி ஆழம்.

கேள்வி: கார்பன் குழாய்க்கும் இதேதானா?

இல்ல. கார்பன்ல ஸ்டார் நட்டே அடிக்கக் கூடாது, அதுக்கு விரியற பிளக் தனியா வரும்.

கேள்வி: பழைய ஃபோர்க்ல கிரவுன் ரேஸ் (கிரவுன் மேல உக்காந்திருக்கற பேரிங் வளையம்) வரவே மாட்டேங்குது. கிரவுன்ல பெயின்ட் வேற போகுது.

முதல்ல ரேஸ்ல வெட்டு இருக்கான்னு நகத்தால தடவிப் பாருங்க. வெட்டு இருந்தா விரலாலயே வந்துரும், நானே ஒரு தடவை அதைப் பாக்காம அரை மணி நேரம் உளியோட மல்லுக்கு நின்னேன், கேவலம்.

வெட்டு இல்லன்னா அது அடிச்சு ஏத்தினது, எண்ணெயால பெருசா பிரயோஜனம் இல்ல. கட்டர் பிளேடை ரேஸுக்கும் கிரவுனுக்கும் நடுவுல வச்சு மெதுவா தட்டுங்க, தலைமுடி நுழையற அளவு இடுக்கு விழும். அப்புறம் தட்டையான ஸ்க்ரூடிரைவர். ஒரு தட்டு முன்னால, ஒரு தட்டு பின்னால, அப்படியே மாத்தி மாத்தி. ஒரே பக்கமா அடிச்சா கோணிக்கிட்டு இன்னும் சிக்கும். புதுசு வாங்கறதுக்கு முன்னாடி அளவு எடுங்க, 1 இஞ்ச் ஃபோர்க்குலயே 26.4 மில்லி, 27.0 மில்லின்னு ரெண்டு உண்டு, 26.4 ரேஸை 27.0 இருக்கையில அடிச்சு ஏத்தப் பாத்தா பிளந்துரும்.

கேள்வி: ஃபிரேம்ல இருக்கற கப்பை (ஹெட்செட் பேரிங் உக்கார்ற கிண்ணம்) எடுக்க ஸ்பெஷல் டூல் வேணுமா?

இருந்தா நல்லது. இல்லன்னா நீள ஸ்க்ரூடிரைவரை எதிர்ப்பக்கத்துல இருந்து உள்ள விட்டு கப்போட விளிம்புல வச்சு, கடிகார முள் மாதிரி சுத்திச் சுத்தி தட்டுங்க.

கேள்வி: ஸ்டெம்மோட சைடு போல்ட் ஆலன் கீ வழுக்கி ரவுண்டாயிருச்சு.

5 மில்லி குழின்னா டி30, 4 மில்லின்னா டி25 நட்சத்திர பிட்டை சுத்தியலால அடிச்சு இறக்குங்க, அது புதுசா பல் போட்டுக்கும், அப்புறம் மெதுவா திருப்புங்க. அதுவும் வழுக்கினா போல்ட் தலையை மட்டும் டிரில் பண்ணுங்க, தலை போனதும் பிடி விட்டு ஸ்டெம் லூசாயிரும், மிச்சத் தண்டை பிளையர்ல பிடிச்சு சுத்தி எடுத்துரலாம்.

கேள்வி: எல்லாம் முடிஞ்சு திரும்ப மாட்டும்போது கிரீஸ் போடலாமா?

ஸ்டீல் குழாய்க்குள்ள இறங்கற ஸ்டெம்முக்கு கஞ்சத்தனம் பண்ணாம போடுங்க, ஆப்புக்கும் போல்ட் மரைக்கும் சேத்து. கார்பன்ல மட்டும் கிரீஸ் வேணாம், அதுக்குன்னு பொரபொரன்னு ஒரு பேஸ்ட் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்டெம்மை வெளிய எடுத்து தொடச்சுட்டு, ஸ்டெம்ல போட்டிருக்கற குறைந்தபட்ச ஆழக் கோடு உள்ள மறையற மாதிரி திரும்ப இறக்குங்க.