டிசபிலிட்டி பென்ஷனை மறுத்துவிட்டார்கள், இத்தனை வருஷம் கழித்து அப்பீல் செய்ய முடியுமா?

அப்பா 2017-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார், ரத்தக் கொதிப்பால் 30% ஊனம் என்று எழுதிய மெடிக்கல் போர்டே அது பணியால் வந்ததல்ல என்றும் முடித்துவிட்டது, அப்போது அப்பீல் போடவில்லை, இனி வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு தம்பி. நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவன். இங்கே ஆவடியில் தெரிந்தவர்கள் இந்த மாதிரிக் காகிதங்களோடு வீட்டுக்கு வருவார்கள்.

முதலில் மெடிக்கல் போர்டு நகல் வேண்டும். வீட்டில் இல்லையென்றால், அப்பாவின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு வாங்குங்கள். நோய்க்கும் பணிக்கும் ஏன் சம்பந்தமில்லை என்று போர்டு காரணம் எழுத வேண்டிய இடம் ஒன்று அதில் இருக்கும். நான் பார்த்த பலவற்றில் அங்கே 'அமைதிப் பகுதியில் ஆரம்பித்தது', அதாவது போர்முனை அல்லாத இடத்தில் வந்த நோய் என்று ஒரே வரிதான். உங்கள் அப்பீல் முழுக்க அந்த வரியைப் பற்றித்தான் இருக்க வேண்டும். லடாக் குளிர், பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் என்று நாலு பக்கம் எழுதிக்கொண்டு வருகிறார்கள். படிக்க மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் கேஸ் அதில் இல்லை.

2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால், பின்னால் வந்தது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு, போர்டும் காரணம் காட்ட வேண்டும். ஆனால் புகை, மது, உடல் பருமன் என்று போர்டு விவரமாக எழுதியிருந்தால் கேஸ் கொஞ்சம் கஷ்டம். 2023 செப்டம்பருக்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்குப் புது விதிகள் வந்துவிட்டன, அப்பாவுக்குப் பழையதுதான்.

முதல் அப்பீலுக்குக் கெடு ஆறு மாதம். அது போய்விட்டது, பரவாயில்லை. தாமதத்துக்கான காரணத்தோடு ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகவே போடுங்கள். நிராகரித்தால் இரண்டாவது அப்பீல் கமிட்டி. அப்பீல் போட்டு ஆறு மாதம் பதிலே வரவில்லை என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்குப் போகலாம். தேனாம்பேட்டையில் இருக்கும் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் போய் நின்று பிரயோசனமில்லை, மெடிக்கல் போர்டு முடிவை மாற்றும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது.

பென்ஷன் மாதாமாதம் வரவேண்டிய பணம் என்பதால் தாமதத்தைக் காட்டி மட்டும் பொதுவாகக் கதவை மூடமாட்டார்கள். ஆனால் 2008 தர்சேம் சிங் தீர்ப்புப்படி, வழக்குப் போடுவதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் பொதுவாக அரியர்ஸ். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போகிறது.

மனுவில் 'ரவுண்டிங்' கேட்க மறக்காதீர்கள், அதாவது 50%-க்குக் குறைவான ஊனத்தை 50% என்றே கணக்கிடுவது. 100% ஊனத்துக்குச் சம்பளத்தில் 30% கணக்கு. அப்பாவின் 30%-க்கு 9%தான் வரும். அதையே 50% ஆக உயர்த்தினால் 15%. வயது முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உண்டு என்று 2014-ல் ராம் அவதார் வழக்கிலேயே முடிவாகிவிட்டது. இருந்தும் கேட்காதவர்கள் நிறைய.

வக்கீல் அரியர்ஸில் பங்கு கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

கொதிப்பு முதலில் எந்த வருஷம் பதிவானது, அப்போது அப்பாவுக்கு எங்கே போஸ்டிங் என்று கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஆர்மி நம்பரை மட்டும் பொதுவில் போட்டுவிடாதீர்கள்.