சென்னை பாரிமுனையில் வேலை, மாதம் 50,000 ரூபாய் சம்பளம். தினமும் போய்வரும் தொலைவில் சொந்த வீட்டை எங்கே, எப்படித் தேடுவது?

நானும் பாரிமுனையில்தான் வேலை செய்கிறேன். ஏறக்குறைய உங்கள் நிலையிலேயே வீடு தேடத் தொடங்கி, இரண்டரை ஆண்டுகள் அலைந்து, திருநின்றவூரில் ஒரு பழைய தனி வீட்டை வாங்கினேன். அந்த அலைச்சலில் கற்றதை வைத்துச் சொல்கிறேன்: முதலில் ரயில் தடத்தை முடிவு செய்யுங்கள், பிறகு நிலையத்தை, அதன் பிறகு அந்த நிலையத்திலிருந்து இருபது நிமிடம் நடக்கும் தூரத்துக்குள் மட்டும் வீடு பாருங்கள். விளம்பரத்தில் விலையைப் பார்த்துவிட்டு ஊரைத் தேடிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் பின்னால் வருந்துகிறார்கள்.

புறநகர் ரயில் தெற்கே செங்கல்பட்டுக்கும், மேற்கே அரக்கோணத்துக்கும், வடக்கே கும்மிடிப்பூண்டிக்கும் போகிறது. தெற்குத் தடத்தில் எல்லோருக்கும் ஆசை உண்டு. அதனால் விலையும் அதிகம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் விலை இன்னும் ஏறிவிட்டது. பாரிமுனைக்குப் போகிற உங்களுக்கு, சென்ட்ரலில் வந்து முடியும் மற்ற இரண்டு தடங்களும்கூட வசதியானவைதான். வடக்கே மீஞ்சூர், பொன்னேரியில் விலை குறைவுதான், ஆனால் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். மேற்கே அம்பத்தூரும் ஆவடியும் நம் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன என்றாலும், பட்டாபிராம் தாண்டி நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர் என்று போகப் போக விலை இறங்கிக்கொண்டே வரும். திருநின்றவூரிலிருந்து சென்ட்ரல் சுமார் 30 கிலோமீட்டர். எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியில் ஐம்பது நிமிடத்தை ஒட்டி ஆகும். (கோயில் கட்டப் பொருளில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் அது. வீடு தேடிய நாட்களில் இருதயாலீசுவரர் கோயிலில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறேன்.)

தூரத்தைப் பற்றித் தரகர் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். தொடக்கத்தில் கூடுவாஞ்சேரி அருகே ஒரு மனையைக் காட்டிய தரகர், "ஸ்டேஷன்லேர்ந்து பத்தே நிமிஷம் சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய பைக்கில் போனபோது அது உண்மையாகவே பத்து நிமிடம்தான். மறு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு காலை ஆறரை மணிக்கு அந்த மனையில் நின்று, அங்கிருந்து வேலைக்குப் புறப்படுகிறவனைப் போல நடந்தேன். நிலையத்துக்கு வர 45 நிமிடம் ஆயிற்று. வழியில் ஷேர் ஆட்டோ ஒன்றுகூட வரவில்லை. அன்று மாலை திரும்பும்போது இருட்டிவிட்டது, கடைசி ஒரு கிலோமீட்டருக்குத் தெருவிளக்கே இல்லை. என் மனைவியும் வேலைக்குப் போகிறவர். அந்த மனையை அன்றோடு விட்டுவிட்டேன். எந்த இடத்தையும் முன்பணம் கொடுப்பதற்கு முன், இப்படி ஒரு வேலை நாள் முழுக்கப் போய்வந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். போர்வெல் எத்தனை அடி என்று வீட்டுக்காரரைக் கேட்பதைவிட, பக்கத்து வீட்டு அம்மாவிடம் பருப்பு வேகிறதா என்று கேட்பது மேல். நான் பார்த்த ஒரு வீட்டில், தண்ணீர் கற்கண்டு மாதிரி இருக்கும் என்று உரிமையாளர் சொன்னார். ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் துவரம்பருப்பை வேக வைத்தோம். ஒரு மணி நேரம் கொதித்தும் பருப்பு குழையவில்லை, பாத்திரத்தின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அங்கே குடியேறியிருந்தால் ஆயுள் முழுக்கக் கேன் தண்ணீர்தான்.

பணக் கணக்கை ஒளிவுமறைவில்லாமல் போட்டுப் பாருங்கள். 25 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 21,700 ரூபாய் வரும். கட்டி முடிக்கும்போது மொத்தம் 52 லட்சம் போயிருக்கும். உங்கள் சம்பளத்துக்கு இதுதான் உச்சம், இதற்கு மேல் வேண்டாம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்றாலும், பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. மனைக்கும் பழைய வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்குப் பத்திரம் பதிந்தால் இதற்கே 2,70,000 ரூபாய். கடன் போக நீங்கள் போட வேண்டிய பங்கு, தரகு, வக்கீல் கட்டணம் எல்லாம் தனி. நகையை அடகு வைத்து இதைச் சமாளிக்கலாம் என்று நினைத்தவர்கள் நகையை மீட்டதை நான் அதிகம் கண்டதில்லை.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை ஒரு நல்ல வக்கீலிடம்தான் விட வேண்டும். தாய்ப்பத்திரம் (சொத்து இதற்கு முன் கைமாறிய மூலப் பத்திரம்), முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்), பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்) ஆகியவற்றைக் கட்டாயம் கேளுங்கள். சர்வே எண் ஏரிப் புறம்போக்கிலோ வாய்க்காலிலோ விழுகிறதா என்று வருவாய்த்துறைப் பதிவேட்டில் பாருங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது" என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்; மனைப் பிரிவுக்கு அனுமதி தருவது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) மட்டுமே.

கடைசியாக, முடிந்தால் வாங்கப்போகும் ஊரிலேயே ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள். திருநின்றவூர் ஏரிகள் நிறைந்த பக்கம். ஏரிக்கரையை ஒட்டியும் தாழ்வாகவும் உள்ள தெருக்கள் வெயிலில் பார்க்கும்போது மற்றத் தெருக்களைப் போலவேதான் இருக்கும். நாங்கள் ஆனி மாதம் குடிபோய், தைப்பொங்கல் வரை திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்போது விலை பேசி வைத்திருந்த வீட்டில், சுவரின் முழங்கால் உயரம் வரை மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்ததை ஏன் என்று நான் யோசிக்கவில்லை. கார்த்திகை மழையில் அந்தத் தெருவில் நான்கு நாள் தண்ணீர் நின்றது, சரியாக அந்தப் பெயின்ட் ஏறியிருந்த உயரத்துக்கு. இரண்டு தெரு தள்ளி, மேட்டில், ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுத்து இப்போதைய வீட்டை வாங்கினோம்.