காத்திருக்க ஓர் ஆள்

அன்புள்ள சார்,

லண்டனில் ஹாரோ பகுதியில் இருக்கிறேன். மருத்துவமனையில் வேலை. திருச்சியிலிருந்து இங்கே வந்த ஒரு நர்ஸைப் பற்றி ஆங்கிலத்தில் நாவல் எழுதுகிறேன். நாற்பதாயிரம் சொற்களோடு நின்றுவிட்டது. பல மாதங்களாக முதல் மூன்று அத்தியாயங்களையே திருத்திக்கொண்டிருக்கிறேன். அவற்றை மட்டும் இலக்கிய ஏஜென்ட்கள் சிலருக்கு அனுப்பிப் பார்க்கலாமா? ஒருவராவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால் மீதியை எழுத உற்சாகம் வரும்.

மதுமிதா

அன்புள்ள மதுமிதா,

இப்போது அனுப்ப வேண்டாம்.

எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் பேசி நூலை விற்றுத்தரும் ஏஜென்ட்கள் அங்கே வழக்கமாகக் கேட்பது ஒரு கடிதம், கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள். அந்த மூன்றும் வெறும் மாதிரிதான். பிடித்திருந்தால் முழுப் பிரதியையும் அனுப்பச் சொல்வார்கள். அன்றைக்கு உங்கள் கையில் பாதி நாவல் இருந்தால் என்ன பதில் எழுதுவீர்கள்? கட்டுரை நூல் என்றால் திட்டத்தைக் காட்டியே ஒப்பந்தம் வாங்கலாம். முதல் நாவலுக்கு அந்தச் சலுகை இல்லை. நீங்கள் முடிக்கக் கூடியவர் என்பதற்கு முடித்த பிரதியைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. ஒருமுறை வேண்டாம் என்ற பிரதியை அவர்கள் திரும்பப் பார்ப்பதும் அபூர்வம்.

மூன்று அத்தியாயங்களைத்தான் பார்ப்பார்கள் என்பதால் நீங்களும் அந்த மூன்றிலேயே தங்கிவிட்டீர்கள். வாசல் கோலத்துக்கு மேலும் மேலும் வண்ணம் போடுகிறீர்கள், உள்ளே அடுப்பே பற்றவைக்கவில்லை. நாவல் முடிந்த பிறகு அந்த முதல் அத்தியாயமே தேவையில்லை என்று தோன்றவும் கூடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி வரி. உங்களுக்கு வேண்டியது பாராட்டு என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ, அடுத்த அத்தியாயம் எங்கே என்று கேட்க ஓர் ஆள்தான் வேண்டும் என்று படுகிறது. தமிழில் பெரிய நாவல்கள் பல தொடர்கதையாக வந்தவை. கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனை வாராவாரம் எழுதினார். அச்சகமும் வாசகர்களும் காத்திருக்கையில் உற்சாகம் வரட்டும் என்று யார் உட்கார்ந்திருக்க முடியும்? தொடருக்கு இன்னொரு குணமும் உண்டு. அச்சான அத்தியாயத்தைத் திரும்பப் பெற முடியாது. முன்னால் போவது ஒன்றே வழி. (அதனால் வந்த வளவளப்பும் நம் தொடர்கதைகளில் ஏராளம். அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.)

உங்கள் ஊர்க்காரர் ஒருவரையே சொல்கிறேன். ஆன்டனி ட்ரோலப் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல் நாவலாக எழுதிக் குவித்தவர். லண்டனுக்கு வடக்கே வால்தம் கிராஸில் குடியிருந்தபோது காலை 5.30க்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். எதிரே கடிகாரம், கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள். அவருடைய ஒழுங்கை எல்லோரும் மெச்சுவார்கள். ஆனால் தினமும் தன்னை எழுப்பிவிடுவதற்காகவே ஒரு வேலைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்ததாக அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவ்வளவு கறாரான மனிதருக்கும் கதவைத் தட்ட ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறார்.

நீங்களும் ஒருவரைப் பிடியுங்கள். எழுத்தாளராக இருக்க வேண்டாம், இல்லாமலிருப்பதே நல்லது. கதை கேட்கும் ஆசை உள்ள தோழியோ அத்தையோ போதும். இப்போது நின்ற இடத்திலிருந்து, வாராவாரம் ஞாயிறு இரவுக்குள் ஓர் அத்தியாயம், எந்த நிலையில் இருந்தாலும், அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிடுங்கள். அவர் விமர்சனம் செய்யக் கூடாது. அப்புறம் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்கலாம். அனுப்பியதை நீங்கள் திறக்கக் கூடாது. பாதியில் நர்ஸுக்கு ஒரு தங்கை தேவைப்பட்டால் ஒரு நோட்டில் குறித்துவிட்டு, முதலிலிருந்தே தங்கை இருந்தவளாக எழுதிக்கொண்டு போங்கள். நைட் ஷிப்ட் வாரங்களில் இரண்டு பக்கம் அனுப்பினாலும் அது அத்தியாயம்தான்.

எண்பதாயிரம் சொற்களை ஒட்டி வந்தால் முதல் நாவலுக்கு அங்கே தாராளமாகப் போதும். முடித்து, ஒருமுறை முழுக்கத் திருத்திய பிறகு ஐந்தாறு ஏஜென்ட்களுக்கு மட்டும் முதலில் அனுப்புங்கள். பதில்களைப் பார்த்து அடுத்தவர்களுக்கு. உங்களுக்கு வரும் பணத்தில், உள்நாட்டு விற்பனை என்றால் 15 சதவீதம், மொழிபெயர்ப்பு உரிமை என்றால் 20 சதவீதம் அவர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். வாசிக்கவே கட்டணம் கேட்பவரிடம் பிரதியைக் கொடுக்காதீர்கள்.